புகையில்லாத போகி



மார்கழி முடியப் போகிறது என்றாலே நமக்குக் கை ஓயாது. பரணில் இருப்பதை இறக்கணும், பானை சட்டி தேய்க்கணும், சுவருக்கு வெள்ளை அடிக்கணும். அதோடு போகி வந்துவிடும். இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்த பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் பாடத்தைப் படியுங்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், சண்டையும் போடலாம். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

பொங்கல் முடிந்ததும் வந்த கடன் விண்ணப்பம்

எங்கள் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் சில வருடங்களுக்கு முன் நடந்த விஷயம் இது. பெயர்கள் வேண்டாம். உங்கள் தெருவில் நடந்ததாகவே நினைத்துக் கொள்ளுங்கள்.

போகியன்று விடியற்காலை நான்கு மணி. தெருமுனையில் பையன்கள் கூடி ஒரு லாரி டயர், இரண்டு சைக்கிள் டயர், ஒரு கிழிந்த பஞ்சு மெத்தை, உடைந்த பிளாஸ்டிக் குடங்கள் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் போகி மேளம் அடித்தார்கள். ஒரே குதூகலம். அன்றைக்கு நல்ல பனி. புகை மேலே போகவில்லை. தெருவிலேயே படுத்துக் கொண்டது.

நான்கு வீடு தள்ளி நம் உறுப்பினர் ஒருவரின் வீடு. ஆறு வயதுப் பையனுக்கு ஏற்கெனவே வீசிங் தொந்தரவு. ஏழு மணிக்கெல்லாம் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, உதடு நீலமாகிவிட்டது. பதற்றத்தில் 108க்குப் போன் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ பிடித்துத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை பிழைத்துக் கொண்டான். ஆனால் அந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் பானை ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாய் 4,000 ரூபாய் அவசரக் கடன் கேட்டார். ஆட்டோ வாடகை, வெளியில் வாங்கிய மருந்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் போன கூலி, எல்லாம் சேர்த்துக் கைமாற்று வாங்கியிருந்தார். உள்கடன் கொடுக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய பிரதிநிதி மட்டும் பேனாவைக் கையில் பிடித்துக் கொண்டு குனிந்தபடியே இருந்தார்.

"என்னக்கா, போடுங்க" என்று ஊக்குநர் சொன்னார்.

"அந்த லாரி டயரு எங்க மாட்டுக் கொட்டாய் மேல கெடந்ததும்மா. எம் பையன்தான் உருட்டிக்கிட்டுப் போனான். எடத்த அடைக்குது, கொண்டு போய்க் கொளுத்துடான்னு நான்தான் சொன்னேன்."

யாரும் பேசவில்லை. கடைசியில் கடன் கேட்ட அந்தத் தாயே சொன்னார்: "உன்னச் சொல்லி என்னக்கா ஆவப்போவுது? எங்க வீட்டு ஒடஞ்ச கொடமும் அந்த நெருப்புலதான் வெந்துச்சு. நானே எடுத்துக் குடுத்தேன்."

அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை உணர்ந்தோம். குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாது. எல்லா வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று அந்த நெருப்புக்குப் போயிருக்கிறது. இந்தப் பாடம் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது.

நம்ம ஆயா எரித்தது என்ன? நாம் எரிப்பது என்ன?

"காலங்காலமா செய்யறதுதானே, இப்ப மட்டும் என்ன கேடு வந்துச்சு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் போகிக்குக் கழித்துக் கட்டிய பொருள் என்ன? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், பனையோலைப் பெட்டி, கூரை மாற்றும்போது இறக்கிய பழைய ஓலை. எல்லாமே மண்ணில் விளைந்தவை. எரித்தால் சாம்பல். அந்தச் சாம்பலை எருக்குழியில் கொட்டினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். கழித்ததும் கொஞ்சம்தான். அன்றைக்கு வீட்டில் பொருளே கொஞ்சம்தானே!

இன்றைக்கு நம் வீட்டிலிருந்து என்ன போகிறது? டயர், டியூப், ரெக்சின் பை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒயர் கூடை, நைலான் புடவை, பஞ்சு மெத்தை, தெர்மாகோல், பழைய செருப்பு, ஒயர் துண்டுகள். பாய் என்று நாம் சொல்வதில்கூடப் பாதி இப்போது பிளாஸ்டிக் பாய். துடைப்பத்தின் கைப்பிடியும் பிளாஸ்டிக். இவை பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்தவை.

ஆகவே நாம் பழைய பழக்கத்தைச் செய்கிறோம் என்று நினைத்துக் கொண்டு முற்றிலும் புதிய ஒரு வேலையைச் செய்கிறோம். ஆயா எரித்த பொருளும் நாம் எரிக்கிற பொருளும் ஒன்றல்ல.

புகைக்குள் என்ன இருக்கிறது?

டயர் எரியும்போது வரும் கரும்புகையில் கரித்தூள், கார்பன் மோனாக்சைடு, கந்தக வாயு, பென்சீன் ஆகியவை இருக்கின்றன. கந்தக வாயு மூச்சுக் குழாயைச் சுருக்கும். வீசிங் உள்ளவர்களுக்கு உடனே இழுப்பு வருவது இதனால்தான். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

பி.வி.சி. என்று சொல்கிற பிளாஸ்டிக் நம் வீட்டில் ஒயர் உறை, குழாய், ரெக்சின் வடிவத்தில் இருக்கிறது. இது எரிந்தால் அமில வாயு வரும். கண் எரியும், தொண்டை கமறும். அதோடு டையாக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். இந்த டையாக்சினைப் பற்றி நாம் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நம் மாட்டையும் தொடுகிறது.

டையாக்சின் காற்றோடு போய்விடாது. தூசியோடு சேர்ந்து புல்லிலும் மண்ணிலும் படியும். மாடு அந்தப் புல்லை மேயும். நஞ்சு மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலில் வரும். மண்ணைக் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் வரும். மனிதர் உடலுக்குள் போகும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கும் மேல் உணவு வழியாகத்தான் போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பாலிலும் அது இறங்கும். கறவை மாட்டுக் கடன் வாங்கி, பால் ஊற்றிப் பிழைக்கிற நாம், அந்த மாடு மேயும் வரப்பிலேயே ஒயரைக் கொளுத்திச் செம்புக் கம்பி எடுப்பது சரியா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நுண்தூசி. புகையில் உள்ள மிகச் சிறிய துகளின் பருமன் 2.5 மைக்ரான், அதற்கும் குறைவு. நம் தலைமுடியின் பருமனில் சுமார் இருபதில் ஒரு பங்கு. மூக்கு முடியில் இது மாட்டாது. நுரையீரலின் அடி வரை போகும். இதில் ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓலையும் பாயும் எரித்தாலும் இந்த நுண்தூசி வரும். டயர் அளவுக்கு நஞ்சு இல்லை என்பதுதான் வித்தியாசம். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், ஆஸ்துமா உள்ளவர் யாருக்கும் எந்தப் புகையும் நல்லதல்ல. விறகு அடுப்பில் வெந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனிக்காலத்தில் ஏன் புகை தங்குகிறது?

சாதாரண நாளில் தரைக்கு அருகே உள்ள காற்று சூடாக இருக்கும். சூடான காற்று மேலே ஏறும், புகையையும் தூக்கிக் கொண்டு போகும். மார்கழி விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். காற்றோட்டமும் இருக்காது. பானையை மூடி வைத்து அடியில் சாம்பிராணி போட்டால் எப்படி இருக்கும்? அதேதான்.

2018 ஜனவரி 13ஆம் தேதி போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து கண் தெரியாமல் போய், பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானமே இறங்க முடியாத புகையைப் பச்சைக் குழந்தையின் நெஞ்சு எப்படித் தாங்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

திறந்த வெளியில் குப்பையை எரிப்பது தவறு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதத்தையும் சொன்னது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது.

அபராதத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "சட்டம் அப்படி இருக்குதாம்பா" என்று வீட்டு ஆண்களிடமும் பையன்களிடமும் பேச்சை ஆரம்பிக்க இது உதவும்.

எதை எரிக்காமல் என்ன செய்யலாம்?

"எரிக்காதேன்னா வூட்டுக்குள்ளயே வெச்சிக்கறதா?" என்று ஒரு ஆயா எங்களைக் கேட்டார். அதற்குப் பதில் இதோ.

1. பருத்திச் சேலை, வேட்டி, துண்டு: நல்லதாக இருந்தால் துவைத்து வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். கிழிந்ததில் கால்மிதி பின்னலாம், தலையணை உறை, கரித்துணி, பை தைக்கலாம். குழுவில் தையல் மெஷின் உள்ளவர்கள் ஒரு பழைய சேலையில் ஐந்தாறு பை தைத்துவிடுவார்கள். நிறம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2. கோரைப்பாய், ஓலை, முறம், துடைப்பக் குச்சி: நறுக்கி எருக்குழியில் போடலாம். நைலான் நூல், பிளாஸ்டிக் விளிம்பு இருந்தால் முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள். முருங்கை, வாழை, தென்னை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காயாது.

3. நோட்டு, புத்தகம், பேப்பர்: பழைய பேப்பர் கடைக்குப் போடலாம். பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகத்தை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

4. இரும்பு, தகரம், அலுமினியம், பிளாஸ்டிக் குடம், நாற்காலி: காயலான் கடையில் எடை போட்டு வாங்குகிறார்கள். ஒருகாலத்தில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், இப்போது காசே கிடைக்கிறது. உடைந்த குடத்தின் அடியில் ஓட்டை போட்டுக் கீரை, கத்திரி, பச்சைமிளகாய் வளர்க்கலாம்.

5. டயர், டியூப்: காயலான் கடைக்கோ பஞ்சர் கடைக்கோ கொடுத்துவிடுங்கள். எரிக்கவும் கூடாது, கொல்லையில் போட்டு வைக்கவும் கூடாது. டயருக்குள் தேங்கும் மழைத் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

6. டியூப்லைட், பேட்டரி, பழைய செல்போன், ஒயர்: தனியாக ஒரு சாக்கில் வைத்து ஊராட்சியில் சேகரிக்கும்போது கொடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்காதீர்கள். சைக்கிள் ஓட்டும் பையன்கள் அதை வாள் மாதிரி வைத்து விளையாடுவதைப் பார்த்தால் வாங்கி வையுங்கள்.

7. காலாவதியான பூச்சிமருந்து டப்பா: எரிப்பது மிகவும் ஆபத்து. கழுவித் தண்ணீர் பிடிக்கவும் வைக்காதீர்கள்.

இதில் முக்கியமான ஒரு வார்த்தை. நம் ஊரில் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர்களில் பலர் நம்மைப் போலவே குழுப் பெண்கள்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர்கள் தலையில் வைக்காதீர்கள். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் தனியாகப் பொதிந்து, சொல்லிக் கொடுங்கள். பொங்கலுக்கு முன்னால் அவர்களுக்கு வேலை இரட்டிப்பாக இருக்கும். ஒரு சொம்பு மோர் கொடுத்தால் நாம் குறைந்துவிட மாட்டோம்.

எருக்குழி போடும் முறை

வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்காத, கொஞ்சம் நிழலான இடத்தில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி எடுங்கள். அடியில் தென்னை மட்டை, பருத்திக் குச்சி போன்ற முரட்டுச் சாமான். அதன் மேல் நறுக்கிய ஓலை, பாய், சருகு அரை அடி உயரத்துக்கு. அதன் மேல் சாணிக் கரைசல் தெளித்து, ஒரு கை மண் தூவுங்கள். இப்படியே அடுக்கடுக்காக நிரப்பி, மேலே மண்ணால் மூடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் விரல் ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம். மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு எரு தயார். போகிக்குக் கழித்த பாய் சித்திரை, வைகாசியில் உங்கள் கத்திரிச் செடிக்கு உரமாகிவிடும்.

செலவில்லாத அலங்காரம்

போகி என்றால் நெருப்பு மட்டும்தானா? மேற்கு மாவட்டங்களில் அன்றைக்குக் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ இவற்றைச் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசல், கொட்டகை, வயல் எல்லாவற்றிலும் செருகுவார்கள். கடையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை. பொங்கல் முடிந்ததும் அதுவும் எருக்குழிக்குப் போகும். பிளாஸ்டிக் தோரணத்தைவிட இது வாசலுக்கு அழகு.

கோலத்துக்குப் பச்சரிசி மாவும், கரையிட செம்மண்ணும் போதும். எறும்பும் குருவியும் தின்னும். கலர் பொடி வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் மஞ்சள் தூளையும் செங்கல் பொடியையும் காட்டுங்கள்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது இன்றைக்கும் மலிவுதான். சுண்ணாம்புக் கல்லை முதல் நாளே மண் பானையிலோ இரும்பு டிரம்மிலோ ஊற வையுங்கள். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், ஆகவே பிளாஸ்டிக் வாளியில் வேண்டாம். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். ஆறிய பிறகு வடிகட்டி, ஒரு கை கல் உப்பும் கொஞ்சம் நீலமும் கலந்து அடித்தால் சுவரில் நன்றாக ஒட்டும், வெளுப்பாகவும் இருக்கும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான்

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் அயர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் என்ற பண்டிகை கொண்டாடுகிறார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள் அது. செத்தவர்களின் ஆவி அன்றிரவு வீடு தேடி வரும் என்று பழைய காலத்தில் நம்பினார்கள். ஊருக்குப் பொதுவாக நெருப்பு மூட்டினார்கள். டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் கிழங்குக்குப் பதில் பூசணிக்காயைக் குடைந்தார்கள். அதுதான் இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த படம்.

அந்த நெருப்பிலும் காலப்போக்கில் டயர் நுழைந்துவிட்டது! டப்ளின் நகரில் ஹாலோவீன் வருவதற்கு முன்பே பையன்கள் டயரும் மரச்சட்டமும் பதுக்கி வைக்கிறார்கள். மாநகராட்சி ஆட்கள் தேடிப் பிடித்து லாரியில் ஏற்றிக் கொண்டு போகிறார்கள். ஒரே நாள் போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் முகமூடியும் உடையும் குப்பையில் சேர்கின்றன. குடைந்த பூசணிக்காயும் குப்பைக்குப் போகிறது. அதனால் இப்போது அங்கே விவரம் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? வீட்டில் உள்ள பழைய துணியில் வேஷம் போடுங்கள், குடைந்தெடுத்த பூசணிச் சதையைச் சூப் வையுங்கள், விதையை வறுத்துத் தின்னுங்கள், மிச்சத்தை எருவாக்குங்கள் என்கிறார்கள். நாம் பேசுகிற அதே பேச்சு! பண்டிகை எந்த நாட்டுப் பண்டிகையாக இருந்தாலும், கடைச் சரக்கு உள்ளே நுழைந்ததும் குப்பையும் புகையும் வந்துவிடுகிறது. கையில் இருப்பதை வைத்துக் கொண்டாடினால் குறைகிறது.

அந்தக் குழுவில் பிறகு என்ன ஆச்சு?

எல்லாம் உடனே மாறிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதல் வருடம் குழு உறுப்பினர்கள் வீட்டிலிருந்து மட்டும் எதையும் நெருப்புக்குக் கொடுக்கவில்லை. மற்ற வீடுகளில் கேலி செய்தார்கள். "குழுவுக்குப் போயி நாலு எழுத்துக் கத்துக்கிட்டு நெருப்பையே நிறுத்த வந்துட்டாங்க" என்றார்கள். தெருமுனையில் டயர் எரிந்தது.

இரண்டாம் வருடம் வேறு மாதிரி யோசித்தார்கள். டயரை உருட்டிக் கொண்டு போன அதே பையனைப் பிரதிநிதி கூப்பிட்டுப் பேசினார். அவனும் அவன் சேக்காளிகளும் போகிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தள்ளுவண்டி எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் சேகரித்தார்கள். காயலான் கடையில் போட்ட காசு அவர்களுக்கே என்று பேச்சு. அந்தக் காசில் பையன்கள் ஒரு வாலிபால் வாங்கினார்கள். டயர் காசாகும் என்று தெரிந்த பிறகு எந்தப் பையனும் அதைக் கொளுத்தவில்லை.

பெரியவர்கள் மனசும் நோகக் கூடாது அல்லவா? அதனால் தெருவுக்குப் பொதுவாக ஒரே ஒரு சின்ன நெருப்பு. கோயிலுக்கு முன்னால் திறந்த இடத்தில், விடிந்து வெயில் வந்த பிறகு, ஒரு தேய்ந்த துடைப்பமும் ஒரு ஓட்டை முறமும் மட்டும் போட்டு, ஒரு ஆயா கையால் பற்ற வைத்தார்கள். பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது. வீசிங் உள்ள பிள்ளைகளை அந்த நேரம் வீட்டுக்குள்ளே வைத்துக் கொண்டார்கள். இன்றைக்கும் இரண்டு மூன்று வீட்டில் தனியாக எரிக்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடமும் பேசிக் கொண்டிருக்கிறோம்.

அந்த 4,000 ரூபாய்க் கடனைப் பத்து மாதத் தவணையில் அந்தத் தாய் கட்டி முடித்தார். பையன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். அவனும் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஓடுகிறான்.

மூச்சுத்திணறல் வந்தால்

புகை இல்லாத இடத்துக்குக் குழந்தையை உடனே கொண்டு போங்கள். படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் இருந்தால் அவர் சொன்னபடி கொடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். அந்த வண்டிக்குக் காசு இல்லை. பண்டிகை நாளில் மருந்து தீர்ந்து போகாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. போன போகிக்கு நம் வீட்டிலிருந்து நெருப்புக்குப் போன பொருட்கள் என்னென்ன? ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2. நம் தெருவில் வீசிங், ஆஸ்துமா உள்ளவர்கள் எத்தனை பேர்? கைக்குழந்தை, கர்ப்பிணி எத்தனை பேர்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

3. பழைய சாமான் சேகரிக்க யார் முன்வருவார்கள்? விற்ற காசை என்ன செய்யலாம்?

4. நம் ஊராட்சியில் டியூப்லைட், பேட்டரியை யாரிடம் கொடுப்பது? அடுத்த கிராம சபையில் இதைக் கேட்கப் போவது யார்?

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். "இந்தப் போகிக்கு எங்கள் வீட்டிலிருந்து டயர், பிளாஸ்டிக், ஒயர் எதுவும் நெருப்புக்குப் போகாது." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களும் வையுங்கள். கடன் தீர்மானத்துக்குப் போடுகிற அதே கையெழுத்துதான். அதைக் காப்பாற்றுவது போல இதையும் காப்பாற்றுவோம்.

உங்கள் குழுவில் என்ன முடிவு எடுத்தீர்கள், யார் எதிர்த்தார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மற்ற சகோதரிகளும் படிக்கட்டும்.

எல்லோர் வீட்டிலும் பால் பொங்கட்டும். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.